படிவத்தில் இல்லாத கேள்வி

அன்று காலை பத்தே காலுக்கு, சிவகாசியில் காசிராஜனின் அச்சகத்து மாடி அறையில் இருந்தவர்கள்:

டாக்டர் ராஜபாண்டியன். ரத்தக்குழாய் அறுவை நிபுணர், வயது அறுபது. மறுநாள் நடக்கும் ஓய்வு விழாவின் நாயகர்.
காசிராஜன். அவருடைய தம்பி, அச்சக முதலாளி. விழா மலரை அச்சடிப்பவர்.
மணிகண்டராஜ். புகைப்படக்காரர்.
பாண்டிச்செல்வி. கீழே பைண்டிங்கில் தாள் மடிப்பவள். வேனை அனுப்பி வீட்டிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள்.
நான், காளிராஜ். இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்தவன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். விருதுநகரில் மிளகாய் வற்றல் கிட்டங்கிகளுக்கு நடுவே ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், வெளிநாட்டு மருத்துவ இதழ்களுக்கு அடிக்குறிப்பு சரிபார்க்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை ஷிப்ட். ஒரு கட்டுரை இன்னொரு கட்டுரையைக் குறிப்பிட்டால், அந்தப் பேர் சரியா, வருஷம் சரியா, பக்க எண் சரியா என்று பார்த்து டிக் போட வேண்டும். உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்று பார்ப்பது என் வேலை இல்லை. இந்த வேலைக்கு வருமுன் மூன்று முறை எம்.பி.பி.எஸ். முதலாண்டுத் தேர்வு எழுதினேன். மூன்று முறையும் உயிர்வேதியியலில் தோற்றேன். பிணத்தைப் பார்த்துப் பயந்து ஓடி வந்தேன் என்று ஊரில் சொல்கிறார்கள். அது பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் ஓய்வு பெறுகிறார், மலர் போட வேண்டும், அவருடைய கட்டுரைகளை எல்லாம் பட்டியல் எடுத்துத் தா என்று காசிராஜன் கேட்டார். எடுத்தேன். நூற்று எண்பத்தாறு கட்டுரைகள். மற்றவர்கள் அவற்றைக் குறிப்பிட்டது ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் தடவைக்குமேல். எச்-இன்டெக்ஸ் முப்பத்து நான்கு; அதாவது முப்பத்து நான்கு கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது முப்பத்து நான்கு முறை குறிப்பிடப்பட்டவை. நம் ஊர்ப் பக்கத்தில் பிறந்த ஒருவருக்கு இது பெரிய எண். இதில் 2016-இல் வந்த ஒரே ஒரு கட்டுரைக்கு மட்டும் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள்.

காசிராஜனுக்கு இதை விளக்க ஒரு மாலை ஆனது.

"1,412-ன்னு போட்டிருக்கியே, அது என்ன ஆர்டரா?"

"ஆர்டர் இல்ல அண்ணாச்சி. அம்புட்டுப் பேரு தங்களோட கட்டுரையில டாக்டர் கட்டுரையச் சொல்லியிருக்காக."

"காலண்டர் டிசைன் மாதிரி. நாம போட்ட முருகன் படத்த ஊரெல்லாம் காப்பி அடிக்கான். இவனுக யோக்கியமா கம்பெனி பேரப் போட்டு அடிக்கான். அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தான்."

"நம்ம தொழில்ல ஒரு பய பேரப் போட மாட்டேங்கானே."

இந்த வேலையில் சில வருஷம் இருந்தால் பெரிய மனிதர்கள் மீதான மரியாதை போய்விடும். ஒரே ஆய்வை மூன்றாக நறுக்கி மூன்று கட்டுரை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தன்னைத் தானே குறிப்பிட்டு எண்ணை ஏற்றுகிறவர்களையும், செய்யாத வேலைக்குப் பேர் சேர்த்துக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். டாக்டரிடமும் ஏதாவது அகப்படும் என்று மூன்று இரவு தோண்டினேன். ஒன்றும் இல்லை. மனிதர் சுத்தம். எனக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒன்றை மட்டும் கவனித்தேன். நூற்று எண்பத்தாறில் பாதிக்கு மேல் அந்த 2016 கட்டுரையின் மேல் கட்டியவை. அதை உருவினால் மேலே உள்ளது நிற்காது.

அந்தக் கட்டுரை எனக்குத் தெரிந்ததுதான். பட்டாசு ஆலை விபத்துகளில் கையின் ரத்தக்குழாய் அறுந்து, எட்டு மணி நேரத்துக்கு மேல் ரத்தம் ஓடாமல் வந்து சேர்ந்த நாற்பத்தெட்டு பேர். விட்டுவைத்தால் அழுகி உயிருக்கே ஆபத்து என்று, அப்படிப்பட்ட கையை எடுத்துவிடுவதுதான் அதுவரை வழக்கம். டாக்டர் எடுக்கவில்லை. தொடையிலிருந்து ரத்தக்குழாயை எடுத்துக் கையில் வைத்துத் தைத்தார். இரண்டு வருஷம் கழித்து விசாரித்தபோது நாற்பத்து நான்கு பேருக்குக் கை வேலை செய்தது. உலகத்தில் யாரும் அதற்கு முன் அப்படி ஒரு எண்ணைக் காட்டியதில்லை.

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு: தொலைபேசி விசாரணையில் உதவிய காளிராஜுக்கு நன்றி. அச்சில் என் பேர் வந்த ஒரே இடம் அது. முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவைக்குக் காத்திருந்த நாளில், அந்த நாற்பத்தெட்டு பேருக்கும் போன் போட்டவன் நான். வீட்டுக்குப் போன நோயாளிகள் யாரும் திரும்ப மருத்துவமனைக்கு வரவில்லை, அதனால்தான் போன். ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம். நாலு பேர் எடுக்கவில்லை. அவர்களைத் தோல்வியில் சேர்த்தார் டாக்டர். அவ்வளவு நியாயம் பார்ப்பவர்.

மலரில் காப்பாற்றப்பட்ட ஒருத்தரோடு டாக்டர் நிற்கும் படம் வேண்டும் என்றார் காசிராஜன். டாக்டர் பழைய நீலக் கோப்பைக் கொண்டு வந்தார். பேர், ஊர், போன் எண் எல்லாம் அதில் இருந்தது. பதினேழாம் எண்: பாண்டிச்செல்வி, ஏழாயிரம்பண்ணை.

"ஏ, இது நம்ம பைண்டிங்ல இருக்கவ!" என்று காசிராஜன் கத்தினார். புருஷன் பேரும் பொருந்தியது. உலகம் முழுக்கப் பேசுகிற கை தன் அச்சகத்திலேயே தாள் மடித்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு ஒரே பெருமை. அவளிடம் சொல்லியனுப்பினார். அவள் இருக்கன்குடி கோயிலுக்கு வேண்டுதல் என்று இரண்டு நாள் லீவு போட்டாள். மூன்றாம் நாள்தான் வேன் போனது.

சிவகாசியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி பிரூப்பில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடாமல் மெஷின் ஓடாது. போட்ட பிறகு எந்தப் பிழை இருந்தாலும் அது அச்சகத்தின் பிழை இல்லை. பிரூப் மேசை மேல் இருந்தது. பிளேட் போட்டுக் கீழே ஆள் காத்திருந்தான். படம் எடுக்க வேண்டும், கையெழுத்து விழ வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

பாண்டிச்செல்வி உள்ளே வந்து சுவரோரமாக நின்றாள். முப்பத்தெட்டு வயசு இருக்கும். விரலில் பசை காய்ந்திருந்தது.

"கும்பிடுறேன்யா."

"வாங்கம்மா. முகம் எனக்கு ஞாபகம் நிக்காது. கையக் குடுங்க. கைய மறக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

இடது கையைப் பிடித்தார். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தார். சிரித்தார்.

"நல்லா ஓடுது. காசி, இங்க வந்து பாரு, எப்படி ஓடுதுன்னு."

பிறகு கையைத் திருப்பினார். முழங்கையின் உட்பக்கத்தைக் கட்டை விரலால் தேய்த்தார். இன்னொரு தடவை தேய்த்தார். ஜன்னல் பக்கம் இழுத்து வெளிச்சத்தில் பார்த்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"இடது கைதான?"

"ஆமாய்யா."

"வலதக் காட்டுங்க."

காட்டினாள். பார்த்தார். மறுபடி இடது கைக்கு வந்தார்.

"இங்க தேள் பச்சை குத்தியிருந்துச்சே."

காசிராஜன் எட்டிப் பார்த்தார்.

"லேசர்ல எடுத்திருப்பா" என்றார் காசிராஜன்.

"உன் பைண்டிங்ல இருக்கவுக லேசருக்குப் போவாகளா காசி?" டாக்டரின் குரல் இறங்கியிருந்தது. "தழும்பு எங்கம்மா? முழங்கைக்கு மேலேருந்து மணிக்கட்டு வரைக்கும் தச்சேன். ஏழு மணி நேரம்."

அவள் கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அது என் கை இல்லய்யா."

மணிகண்டராஜ் கேமராவின் மூடியைக் கழற்றியவன் அப்படியே நின்றான்.

"பெறகு யாரு கை?" என்றார் டாக்டர்.

"எங்க மதினி கை. மாரித்தாய்னு பேரு." சொல்ல ஆரம்பித்த பிறகு அவள் நிறுத்தவில்லை. "தீபாவளி சீசன் நேரம்யா. எனக்கு அப்ப ஏழு மாசம். மருந்து நெடிக்குக் குமட்டிக்கிட்டு வரும். ஆலையில கார்டு எம்பேர்ல, ட்ரெய்னிங் சர்ட்டிபிகேட்டு எம்பேர்ல. போர்மேன்ட்ட சொன்னேன். 'ஆளு யாரா இருந்தா என்ன, ரிஜிஸ்தர்ல பேரு இருக்கணும், ஒருத்திய அனுப்பு'ன்னாரு. மதினி போனா. பதினோராம் நாளு வெடிச்சுது. ஆம்புலன்சுல ஏத்தும்போது போர்மேன் ஓடி வந்து என் கார்ட அவ இடுப்புல சொருகுனாரு. 'இனிமே நீ பாண்டிச்செல்வி, மறந்துறாத'ன்னாரு. கையி தொங்குது. அவளும் தலைய ஆட்டுறா."

"வார்டுல நான் பேரச் சொல்லிக் கூப்பிட்டேனே. தினம் கூப்பிட்டேன்."

"ரெண்டு தடவ கூப்பிட்டாத்தான் திரும்புவாளாம்யா. வெடிச் சத்தத்துல காது போயிருச்சுன்னு காது டாக்டர்ட்ட அனுப்புனீகளாம்."

"அனுப்புனேன்" என்றார் டாக்டர். மெல்ல உட்கார்ந்தார். "அவுக இப்ப எங்க?"

"செத்துப் போனா."

கீழே யாரோ தாள் கட்டை இறக்குகிற சத்தம் கேட்டது.

"இருவத்தி நாலாம் நாளு வீட்டுக்கு அனுப்புனீக. கையி கதகதன்னு இருந்துச்சு. விரல அசைப்பா. அடுத்த மாசம் சீழ் வச்சுது. ஒரு நா பொசுக்குனு ரத்தம் பீச்சிருச்சு. வேற ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். அங்கன அவ சொந்தப் பேர்ல சேத்தோம். தோளோட எடுத்தாக. ஒம்பதாம் நாளு போயிட்டா."

"ஏம்மா எங்கிட்ட வரல? நான் பாத்திருப்பேனே."

அவள் அவரை விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"உங்ககிட்ட வந்தா அவ பாண்டிச்செல்வியில்லா? அங்கன செத்தா, செத்தது பாண்டிச்செல்வின்னு எழுதிருவீக. நான் வயித்துல பிள்ளையோட உசிரோட இருக்கேன்."

நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்த மனிதருக்கு இது தோன்றியிருக்காது. எனக்கும் தோன்றவில்லை. இந்தப் பக்கத்தில்தான் நானும் பிறந்தேன். ரிஜிஸ்தரில் ஒரு பேரும் வேலையில் வேறு ஆளும் இருப்பது எனக்குச் சின்ன வயசிலிருந்து தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

"பெறகு போன் போட்டப்ப?" என்றார்.

"ரெண்டு வருசங் கழிச்சு ஒரு பையன் போட்டான்யா. 'தங்கள் இடது கையால் நீர் நிரம்பிய குடத்தைத் தூக்க இயலுகிறதா?'ன்னான். கலெக்டர் ஆபீசோன்னு நடுங்கிட்டேன். இயலுதுன்னேன். அன்னைக்கு இடுப்புல பிள்ள, கையில கொடம். 'சட்டைப் பொத்தானைப் போட இயலுகிறதா?'ன்னான். நான் எங்கன சட்ட போட்டேன்? இயலுதுன்னேன். பொய் சொல்லலய்யா. என் கையத்தான கேட்டான்."

அந்தக் குரலை அவள் அப்படியே பிடித்திருந்தாள். இழுத்து இழுத்து, மேடையில் பேசுவதுபோல. பத்து வருஷத்துக்கு முந்தைய என் குரல்.

"அந்தப் பையன் நான்தான்" என்றேன்.

"நீயா? நீ இம்புட்டுத் தமிழு பேசுவியா?" என்றாள்.

படிவம் எனக்கு மனப்பாடம். குடம், பொத்தான், சீப்பு, சூடு, குளிர், சோறு பிசைவது, கதவின் தாழ்ப்பாள், வலி, உறக்கம். ஒன்பது கேள்விகள். ஆபரேஷன் ஆனது உங்களுக்குத்தானா என்ற கேள்வி அதில் இல்லை. அதை எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பெண் போனில் சிரித்தது நினைவுக்கு வந்தது. "எந்தக் கையக் கேக்கீக? ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். நான் 'மிக நன்று' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். இன்னொருவர், "எங்கள விட்ருங்க, எல்லாம் நல்லா இருக்கு" என்றார். அதற்கும் டிக்.

"உங்க ஆலையில இப்படி எத்தன பேரும்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"சீசன்லயா? பேரும் ஆளும் ஒண்ணா இருந்தவுகள எண்ணிரலாம்யா."

போன மாதம் ஒரு நாட்டின் சிகிச்சை வழிகாட்டி என் மேசைக்கு வந்தது. ரத்தம் ஓடாமல் பத்து மணி நேரம் ஆகியிருந்தாலும் கையை எடுக்க வேண்டாம். ஆதாரம், குறிப்பு எண் முப்பத்தேழு. முப்பத்தேழு இவர் கட்டுரைதான். பேர் சரி, வருஷம் சரி, பக்கம் சரி. டிக் போட்டு அனுப்பினேன். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்பது அதுவரை எனக்கு ஒரு எண். அது இப்போது முன்பின் தெரியாத ஊர்களில், தோளில் தொங்குகிற கைகளாக, எடுக்காமல் விட்ட கைகளாக, என் எதிரே நின்றது.

காசிராஜன்தான் முதலில் தெளிந்தார். வியாபாரி.

"அண்ணே. நாளைக்குக் காலைல விழா. ஊருல பாதிப் பேரு வாராக. ஒரு கேஸு இப்படி ஆயிருக்கு. நாப்பத்தெட்டுல ஒண்ணு. போனது போகட்டும். செத்தவ எந்திரிச்சு வந்து கேக்கவா போறா? இவளும் பேச மாட்டா. ஏ பாண்டிச்செல்வி, பேசுவியா?"

"நான் எங்க மொதலாளி பேசுனேன்? நீங்கதான வேன் விட்டீக."

"படம் எடுக்கவா, வேண்டாமா?" என்றான் மணிகண்டராஜ்.

"நீ வேற, போலே!"

டாக்டர் பிரூப்பைத் தன் பக்கம் இழுத்தார். பட்டியல் இருந்த பக்கத்தைத் திருப்பினார். 2016-க்கு நேரே விரலை வைத்தார். காசிராஜன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். டாக்டர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'ஓட்ட வேண்டாம்' என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"அண்ணே, பிளேட் போட்டாச்சு!"

"கழத்தச் சொல்லு."

நீலக் கோப்பை என் பக்கம் தள்ளினார். "ஒண்ணுலேருந்து ஆரம்பி. நாப்பத்தெட்டும். அன்னைக்கு நீதான கேட்ட, இன்னைக்கும் நீயே கேளு. இந்தத் தடவ ஊர்ப்பேச்சுல கேளு."

"சார், நான் ஷிப்ட் முடிச்சு வந்திருக்கேன். தூங்கணும்."

"போடு."

முதல் எண், அழகுராஜா. டாக்டரின் போனில், ஸ்பீக்கரில் போட்டேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே எடுத்தார்.

"அண்ணே, கையில ஆபரேசன் ஆனது உங்களுக்குத்தானா?"

"பெறகு எங்கப்பனுக்கா? யாருலே நீ?"

"தழும்பு இருக்கா?"

"முழங்கையிலேருந்து பூரான் மாதிரி கெடக்கு. மழை வந்தா இழுக்கும். ஆனா பஸ்ஸுல கம்பியப் பிடிச்சுத் தொங்கிட்டுத்தான் வாரேன், அந்தக் கையாலதான். அந்த டாக்டரு நல்லா இருக்காரா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒண்ணு" என்று தாளில் எழுதினார். ஒரு நிமிஷம், எல்லாம் சரியாகிவிடும், பதினேழாம் எண் மட்டும்தான் கோளாறு என்று எனக்கே தோன்றியது.

இரண்டாம் எண், பத்திரகாளி.

"அக்கா, கையில ஆபரேசன் ஆனது உங்களுக்குத்தானா?"

மூச்சு மட்டும் கேட்டது.

"நீங்க எந்த ஆபீசு?" என்றது குரல். வைத்துவிட்டார்கள். மறுபடி போட்டேன். சுவிட்ச் ஆப்.

"பாத்தீகளா? ஊருக்குள்ள தீயப் பத்த வைக்கீக" என்றார் காசிராஜன். "நாப்பத்தெட்டு வீட்லயும் கேஸு வருதுன்னு ஓடப் போறான். உங்க அறுவது வருசத்த நீங்களே கொளுத்துறீக."

"இன்னும் ஒருத்தன் எங்கனயோ ஒரு கைய எடுக்காம வச்சிருப்பான் காசி. நான் சொன்னேன்னு" என்றார் டாக்டர். "நீ கீழ போ. காளிராஜத் தவிர எல்லாரும் போங்க."

பாண்டிச்செல்வி போகவில்லை. கோப்பின் மேல் குனிந்து நின்றாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும்.

"இந்தப் பையன் கேட்டா ஒருத்தியும் சொல்ல மாட்டா" என்றாள். "மூணாவது ராக்காயி. அவள எனக்குத் தெரியும். கார்டுதான் அவளோடது. வெடிச்ச அன்னைக்கு அவ ஊர்லயே இல்ல. போனக் குடுங்க. நான் கேக்கேன்."

"அப்புறம் உங்க பேரும் வெளிய வரும்மா" என்றார் டாக்டர். "கேஸு வரும். வேலைக்கும் ஆபத்து."

"எம்பேருதான் பன்னெண்டு வருசமா உங்க கோப்புல கெடக்கேய்யா."

காசிராஜன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். மணிகண்டராஜ் பின்னாலேயே போனான். அந்தக் கூட்டத்தில் நானும் போனைப் பாண்டிச்செல்வியிடம் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நழுவினேன். பாதியில் விட்டுவிட்டுப் போவது எனக்குக் கைவந்த காரியம். நாலு படி இறங்கியிருப்பேன்.

உள்ளேயிருந்து பாண்டிச்செல்வியின் குரல் வந்தது. "ஏ ராக்காயி, நாந்தான். ஏட்டி, அந்த வருசம் உன் கார்டுல போனவ கையி என்னாச்சு?" பிறகு டாக்டர், "என்ன சொல்றாக, என்ன சொல்றாக?" என்று கேட்டது.

அதற்கு மேல் இறங்க வரவில்லை. மேலே ஏறினேன். டாக்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், என்னைத் தேடி வந்தவர்போல. விலகி வழி விட்டார். நான் உள்ளே போனதும், "நாப்பத்தெட்டும் முடியட்டும்" என்று எனக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்பக்கம் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.